முதியோரின் வாய்மொழியும் உடல்நலக் கணக்கும்

"உடம்பு எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியைப் போல் நாள்தோறும் கேட்கப்படுவதும், பதிலைச் செவிமடுக்காமலே விடப்படுவதுமான கேள்வி வேறொன்று இருப்பது அரிது. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் வழியே போகிறவர் அதைக் கேட்கிறார். விடை வருமுன் நடந்து விடுகிறார். சுகாதார ஊழியரும் கேட்கிறார். ஆயினும் அவர் படிவத்தில் பதிவது இரத்த அழுத்தத்தின் எண், சர்க்கரையின் அளவு, உடலின் எடை ஆகியவையே. முதியவர் வாயால் சொன்ன சொல் காற்றோடு போகிறது.

அச்சொல்லுக்கு விஞ்ஞானத்தில் ஓர் இடம் உண்டு என்பதும், அவ்விடம் சிறியதன்று என்பதும் கடந்த அரை நூற்றாண்டில் உறுதிப்பட்டுள்ளன. அச்சொல்லை அப்படியே நம்பிவிடலாகாது என்பதும் அதே அளவுக்கு உறுதிப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற்கொண்டு நடக்க வேண்டிய பொறுப்பு, வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளரையும், இளந்தலைமுறையை உருவாக்கும் ஆசிரியரையும் பெரிதும் சார்ந்திருக்கிறது.

கேட்பதும் அளப்பதும்

2011-ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தனர்; மொத்த மக்களில் நூற்றுக்கு 8.6 பேர். 2050-ஆம் ஆண்டில் இத்தொகை 32 கோடியை நெருங்கும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இத்தனை பேருடைய உடல்நலத்தை அறிய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கருவி கொண்டு அளப்பது. மற்றொன்று, உரியவரையே கேட்பது. முதல் வழிக்கு மருத்துவரும் கருவியும் ஆய்வுக்கூடமும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கேள்வியும் சற்றுப் பொறுமையும் போதும். செலவு குறைந்தது என்ற காரணத்தாலேயே இரண்டாம் வழியைத் தாழ்வாக எண்ணும் மனப்பான்மை பலரிடம் காணப்படுகிறது. இது திருத்தப்பட வேண்டிய எண்ணம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் அமைப்புச் சட்டம் 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நோயில்லாதிருத்தல் மட்டுமே ஆரோக்கியம் ஆகிவிடாது, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நிறைவுற்ற நிலையே ஆரோக்கியம் என்ற கருத்தை அது முன்வைத்தது. இக்கருத்தை ஏற்றுக்கொள்பவர், அந்நிறைவு உண்டா இல்லையா என்பதைச் சொல்லும் உரிமை உரியவருக்கே முதலில் உண்டு என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சோதிக்கலாம். மனநிறைவை அவ்வாறு எடுத்துச் சோதிக்க இயலாது.

மானிடோபாவில் கண்ட உண்மை

கனடா நாட்டின் மானிடோபா மாகாணத்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 3,128 பேரிடம் 1971-ஆம் ஆண்டில் அவரவர் உடல்நிலையைப் பற்றி அவரவரே கொண்டிருந்த மதிப்பீடு கேட்டறியப்பட்டது. பின்னர் பல ஆண்டுகள் அவர்களுடைய நிலை தொடர்ந்து கவனிக்கப்பட்டது. மோசி, ஷபிரோ என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இதன் முடிவுகளை 1982-இல் வெளியிட்டனர். தம் உடல்நிலை மிகச் சிறந்தது என்று சொன்னவர்களோடு ஒப்பிடும்போது, மோசம் என்று சொன்னவர்கள் முதல் சில ஆண்டுகளில் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. வயது, ஆண் பெண் வேறுபாடு, வருமானம், வசிக்கும் இடம், மருத்துவக் குறிப்புகளிலிருந்து தெரிந்த நோய்நிலை ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னரும் இவ்வேற்றுமை நீங்கவில்லை. மருத்துவக் குறிப்புகளில் நலிவுற்றவராகத் தோன்றியதைக் காட்டிலும், தம் வாயால் நலிவைச் சொன்னதே இறப்போடு நெருங்கிய தொடர்பு உடையதாக இருந்தது.

இது ஒரு மாகாணத்தின் தனிச் செய்தியாக நின்றுவிடவில்லை. பல நாடுகளில் நடந்த இத்தகைய 27 ஆய்வுகளை ஐட்லர், பென்யாமினி என்போர் 1997-இல் ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தனர். அவற்றுள் பெரும்பாலானவை மானிடோபாவின் முடிவையே உறுதிப்படுத்தின.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? இதில் மாயம் ஏதுமில்லை. மருத்துவர் ஒருநாள் ஒருபொழுது பார்க்கிறார். முதியவரோ தம் உடலோடு இரவும் பகலும் வாழ்கிறார். சென்ற ஆண்டு அறுவடையின்போது தலையில் சுமந்த பாரத்தை இவ்வாண்டு சுமக்க முடியவில்லை என்பது அவருக்குத் தெரியும், ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது. உறக்கம் குறைந்தது, சோற்றில் ருசி போனது, மாடிப்படியில் பாதியில் நிற்க வேண்டியிருப்பது முதலிய சிறு குறிகளை அவர் தம்மையறியாமலே கூட்டிப் பார்க்கிறார். தாய் தந்தையர் எந்த வயதில் எவ்வாறு நலிந்தனர் என்பதும் அவர் கணக்கில் சேர்கிறது. இவ்வாறு பல ஆண்டுகளின் அனுபவத்தை அவர் ஒரே சொல்லில் அடக்கித் தருகிறார். இன்னும் பெயரிடப்படாத நோயையும் அச்சொல் குறிப்பாகக் காட்டிவிடுவது உண்டு.

மற்றொரு காரணமும் சொல்லப்படுகிறது. தம் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணுபவர் மருந்தை ஒழுங்காக உண்பதில்லை, நடப்பதை நிறுத்துகிறார், பிறரோடு பேசுவதைக் குறைக்கிறார். எண்ணம் நடத்தையை மாற்ற, நடத்தை உடலை மாற்றுகிறது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ஸ்போர்டு என்ற சிற்றூரில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரைப் பற்றிய விவரங்களை பெக்கா லெவி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். தம் முதுமையை நல்ல விதமாகக் கருதியவர்கள், இழிவாகக் கருதியவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தனர் என்பது அம்முடிவு. எண்ணம் ஒன்றே இதற்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது; நலமுடையோருக்கே நல்லெண்ணம் எளிதில் தோன்றும் என்பதும் உண்மை. எனினும், முதியவர் தம்மைப் பற்றி நினைப்பது உடலுக்குப் புறம்பான வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிட இனி இடமில்லை.

சிங்கூரின் எச்சரிக்கை

இவ்வளவு கேட்டபின், முதியோர் சொல்வதை எழுதிக்கொண்டால் போதும், அளவைகளே வேண்டா என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வை அறிந்துகொள்வது நல்லது.

1943-இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மறு ஆண்டு, கல்கத்தாவிலுள்ள அகில இந்திய உடல்நலவியல், பொதுச் சுகாதாரக் கழகம் அந்நகருக்கு அருகிலுள்ள சிங்கூர் வட்டாரத்தில் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆடவரும் கணவனை இழந்த மகளிரும் தத்தம் உடல்நிலையைப் பற்றிச் சொன்னவை அதில் பதிவாயின. ஆடவரில் நூற்றுக்கு 48.5 பேர் தாம் நோயுற்றோ நலங்குன்றியோ இருப்பதாகக் கூறினர். மகளிரில் அவ்வாறு கூறியவர்கள் நூற்றுக்கு 2.5 பேரே. பஞ்சத்தின் பிடியிலிருந்து அப்போதுதான் மீண்ட ஒரு வட்டாரத்தில், கணவனையும் இழந்து நின்ற பெண்களின் உடல்நிலை ஆடவருடையதைவிட இருபது மடங்கு மேலானதாக இருந்திருக்கும் என்று எவரும் நம்ப மாட்டார்கள். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இந்த எண்களைப் பின்னாளில் எடுத்துக்காட்டி, நீண்ட நாள் இல்லாமையில் வாழ்ந்தோர் தம் குறையைக் குறையாக உணர்வதையே நிறுத்திவிடக்கூடும் என்று விளக்கினார்.

சிங்கூரில் விசாரிக்கப்பட்டவர் அனைவரும் முதியோர் அல்லர். ஆயினும் அப்பாடம் முதியோருக்கு, சிறப்பாக முதிய விதவையருக்கு, முழுவதும் பொருந்தும். வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்டு பழகியவர் பசியை நோயாகச் சொல்வதில்லை. முழங்கால் வலியோடு நாற்பது ஆண்டுகள் தண்ணீர் சுமந்தவர் அவ்வலியை வாழ்க்கையின் ஓர் அங்கமாகக் கருதுகிறார். அவர் "எனக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிறார். அதில் பொய் இல்லை. நன்றாக இருத்தல் என்றால் என்ன என்பதன் அளவுகோலே அவருக்குச் சிறுத்துப் போய்விட்டது.

இதே சிக்கல் மாநிலங்களை ஒப்பிடும்போதும் எழுகிறது. நெடிய ஆயுளுக்குப் பெயர்பெற்ற கேரளத்தில், தமக்கு நோய் உண்டு என்று சொல்வோர் மிகுதி. ஆயுள் குறைந்த பீகாரில் அவ்வாறு சொல்வோர் குறைவு. சென் 2002-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இம்முரணைச் சுட்டினார். எழுத்தறிவும் மருத்துவ வசதியும் பரவிய இடத்தில் மக்கள் நோயை இனங்காணக் கற்றுக்கொள்கின்றனர். அவை பரவாத இடத்தில் நோய் பெயரின்றி உடலில் தங்கிவிடுகிறது. வாய்மொழியை மட்டும் நம்பி மருத்துவ நிதியைப் பங்கிட்டால், மிகுதியாகத் தேவைப்படுவோருக்கே மிகக் குறைவாகப் போய்ச் சேரும். புள்ளிவிவரத்தின் பெயரால் நிகழும் அநீதிகளுள் இது கடுமையானது. ஏனெனில் அநீதிக்கு ஆளானவரின் சொல்லையே அது சாட்சியாகக் காட்டுகிறது.

சொற்களின் இடர்ப்பாடு

ஆய்வுப் படிவங்களில் இக்கேள்விக்கு வழக்கமாக ஐந்து படிகளில் விடைகள் அமைந்திருக்கும்: மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம். ஆங்கிலத்தில் வகுக்கப்பட்ட இப்படிகளை இந்திய மொழிகளில் அமைக்கும்போது படிக்கட்டின் உயரங்கள் மாறிவிடுகின்றன. தமிழில் "பரவாயில்லை" என்று ஒருவர் சொன்னால், முன்பு மோசமாக இருந்து இப்போது தேறிவிட்டது என்றும் பொருள். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டா என்றும் பொருள். இந்தியில் "டீக் ஹை" என்பது நலத்தையும் குறிக்கும், பேச்சை முடித்துக்கொள்ளும் விருப்பத்தையும் குறிக்கும். "ஏதோ இருக்கிறேன்", "வண்டி ஓடுகிறது", "போகிற வயதுதானே" என்ற விடைகள் ஐந்து படிகளில் எதிலும் அடங்கா. அவற்றை "சுமார்" என்று எழுதுபவரும் உண்டு. "மோசம்" என்று எழுதுபவரும் உண்டு. அப்போது படிவத்தில் பதிவாவது முதியவரின் கருத்தைவிட ஊழியரின் கருத்தாகவே இருக்கும்.

"மிக நன்றாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் கண்ணேறு படும் என்று அஞ்சுவோர் நாடெங்கும் உள்ளனர். இறைவன் அருளால் என்று தொடங்கித் தம் நலத்தைத் தாழ்த்திச் சொல்வதைப் பணிவாகக் கருதுவோரும் உண்டு. இதற்கு மாறாக, குறையைச் சொன்னால் மகனுக்குச் செலவு வரும், மருமகள் மனம் கோணும் என்று அடக்கிக்கொள்வோர் அதனினும் பலர்.

இவ்விடர்ப்பாட்டைக் குறைக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையைக் கையாள்கின்றனர். கற்பனையான ஒருவரின் நிலையைச் சிறு கதையாகச் சொல்லி, அவர் உடல்நிலை எந்தப் படியில் சேரும் என்று கேட்கின்றனர். இரண்டு ஃபர்லாங் நடந்தால் மூச்சு வாங்கும் ஒருவரை ஒரு முதியவர் "நன்று" என்றும் இன்னொருவர் "மோசம்" என்றும் மதிப்பிட்டால், இருவரின் அளவுகோலும் வெவ்வேறு என்பது தெரிந்துவிடும். பிறகு அவரவர் தம்மைப் பற்றிச் சொன்னதை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2007-08-இல் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் நடத்திய முதுமை பற்றிய ஆய்வில் இம்முறை கையாளப்பட்டது.

நாடு தழுவிய ஆய்வு

இந்தியாவில் முதியோரின் வாய்மொழியைத் திரட்டும் முயற்சி புதியதன்று. தேசிய மாதிரி ஆய்வு 1995-96-இல் நடத்திய 52-ஆம் சுற்றிலேயே முதியோர் தம் உடல்நிலையை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்று கேட்கப்பட்டது. எனினும் இத்துறையில் மிக விரிவானது, 2017-18-இல் முதற்சுற்று நடைபெற்ற இந்திய முதுமை பற்றிய நீள்கால ஆய்வு. மும்பையிலுள்ள சர்வதேச மக்கட்தொகை அறிவியல் கழகம், ஹார்வர்டு, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து இதை நடத்தியது. 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்தம் துணைவருமாக 72,000-க்கு மேற்பட்டோர் இதில் விசாரிக்கப்பட்டனர். இவர்களுள் 31,000-க்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியவர்கள். அறிக்கை 2021 ஜனவரியில் வெளிவந்தது.

வாய்மொழியும் அளவையும் ஒரே வீட்டில் ஒரே ஆய்வில் சேர்த்துப் பதிவானதே இதன் தனிச்சிறப்பு. அதனால் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் காண முடிகிறது. உதாரணமாக, தமக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக மருத்துவர் கண்டு சொன்னார் என்று தெரிவித்த முதியோர் நூற்றுக்கு 0.8 பேர். ஆனால் அந்நோயின் அறிகுறிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டபோது, நோய் இருக்கக்கூடியவர்கள் நூற்றுக்கு 8.3 பேர் என்று தெரிந்தது. பத்தில் ஒருவருக்கே நோயின் பெயர் தெரிந்திருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் உறக்கமின்மை, அசதி, விருப்பமின்மை ஆகியவற்றை முதுமை என்றே எண்ணி வாழ்ந்துவருகின்றனர். சுற்றத்தாரும் அவ்வாறே எண்ணுகின்றனர். மருத்துவ நிலையத்தில் இருப்பவர்களும் சில வேளைகளில் அவ்வாறே எண்ணிவிடுகின்றனர் என்பதுதான் வருந்தத்தக்கது.

"வயதானால் அப்படித்தான்" என்ற வாசகம் நாட்டில் எத்தனையோ நோய்களை மறைத்து வைத்திருக்கிறது. கண்புரை வயதால் வருவதுதான். ஆனால் சிறு அறுவையால் நீங்கிவிடும். செவி மந்தமாவது வயதால் வருவதுதான். ஆனால் கருவியால் ஈடுசெய்யலாம். வயதால் வருகிறது என்பதற்கும், தீர்வில்லை என்பதற்கும் தொடர்பே இல்லை.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

ஊழியர் சிலர் ஆட்சேபங்களை எழுப்புவது இயல்பு. முதலாவது, இன்று நன்று என்பவர் நாளை மோசம் என்பார். இதை எப்படி நம்புவது என்பது. இரத்த அழுத்தமும் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கிறது. அதற்காக அதை அளப்பதை எவரும் கைவிடவில்லை, பலமுறை அளக்கின்றனர். வாய்மொழியையும் அவ்வாறே பலமுறை கேட்டுப் பதிய வேண்டும். ஒரே சொல்லைவிட, ஆறு மாதத்துக்குள் அச்சொல் "நன்று" என்பதிலிருந்து "மோசம்" என்பதற்கு இறங்கியதா என்பதே முக்கியம்.

இரண்டாவது, நேரமில்லை என்பது. ஆஷா ஊழியர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் 60 வயதை எட்டியோருக்கென்று கேள்விகள் ஏற்கெனவே உள்ளன: நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் உண்டா, அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் உதவி தேவையா, நெருங்கியோரின் பெயரோ தம் வீட்டு விலாசமோ மறக்கிறதா என்பன போன்றவை. சென்ற இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமலோ மனம் சோர்ந்தோ இருந்ததுண்டா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இவற்றைக் கேட்கத் தொடங்குமுன் உடல்நிலை பற்றிய அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, விடையை அவர் சொன்ன சொல்லிலேயே ஓரத்தில் குறித்துக்கொள்ளப் புதுப் படிவமும் வேண்டா, புது உத்தரவும் வேண்டா.

மூன்றாவது ஆட்சேபமே கனமானது. கேட்டுவிட்டால் ஏதேனும் செய்ய வேண்டும். செய்வதற்குக் கையில் என்ன இருக்கிறது என்று நேர்மையான ஊழியர் கேட்கிறார். இதற்கு மழுப்பலான விடை கூறுவது தகாது. இருப்பவை போதுமானவை அல்ல. ஆயினும் ஒன்றுமே இல்லை என்பதும் சரியன்று. 2010-11-இல் தொடங்கிய முதியோர் நலப் பராமரிப்புத் தேசியத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை முதியோருக்கெனச் சிகிச்சையும், மாவட்ட மருத்துவமனையில் அவர்களுக்கென 10 படுக்கைகளும் இருக்க வழிவகுத்துள்ளது. பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டம் 1976 முதல் நடந்துவருகிறது. 70 வயதை எட்டிய அனைவருக்கும், வருமான வரம்பின்றி, மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. 14567 என்ற எண்ணில் முதியோருக்கான உதவித் தொலைபேசியும், 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும் உள்ளன. இவற்றில் எது அண்மையில் உண்மையாகவே கிடைக்கும் என்பதை ஊழியர் முதலில் தெரிந்துகொண்டு, அதை மட்டுமே சொல்ல வேண்டும். கிடைக்காததை வாக்களிப்பது கேளாமலிருப்பதைவிடக் கொடியது.

களத்தில் கொள்ள வேண்டிய முறை

ஊழியர் ஒரு வீட்டுக்குப் போகிறார். முதியவள் மூலையில் அமர்ந்திருக்கிறாள். "பாட்டி, உடம்பு எப்படி இருக்கிறது?" என்று ஊழியர் கேட்கிறார். வாசலில் நிற்கும் மகன், "அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார்" என்கிறார். அவள் வாய் திறப்பதற்கு முன் பதிவு முடிந்துவிடுகிறது. நாடெங்கும் நாள்தோறும் நிகழும் காட்சி இது. மகன் தீயவர் அல்லர். அவர் கண்டதைத்தான் சொல்கிறார். இரவில் எழும் வலி அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே, பேச முடிந்தவரின் உடல்நிலையைப் பிறர் வாயால் பதிவது கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும். பிறர் சொல்வதையும் எழுதிக்கொள்ளலாம். அது பிறர் சொன்னது என்ற குறிப்போடு எழுத வேண்டும்.

இரண்டாவதாக, நின்றபடி கேட்காமல் அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும். செவி மந்தமானவரிடம் உரத்துக் கத்துவதைவிட, முகம் பார்த்து மெதுவாகப் பேசுவது பயன்தரும். இயன்றால் மற்றவர் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, பொதுக்கேள்விக்குப் பின் ஒப்பீட்டுக் கேள்வி ஒன்றும் கேட்க வேண்டும்: "சென்ற தீபாவளிக்குச் செய்ய முடிந்து இப்போது செய்ய முடியாமல் போனது ஏதேனும் உண்டா?" நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன முதியவளே இக்கேள்விக்கு, கிணற்றடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன், கோயிலுக்குப் போவதில்லை என்று சொல்லக்கூடும். சிறுத்துப்போன அளவுகோலை நிமிர்த்திக் காட்டும் கேள்வி இது.

நான்காவதாக, சொல்லும் அளவையும் மாறுபடும் இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். நன்று என்று சொல்பவரின் இரத்த அழுத்தம் மிகுந்திருந்தால், அவர் நோயை அறியாதவர் அல்லது அறிந்தும் மறைப்பவர். மோசம் என்று சொல்பவரின் அளவுகளெல்லாம் ஒழுங்காக இருந்தால், "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடலாகாது. பல் இல்லாமல் சரிவர உண்ணாதிருக்கலாம்; அண்மையில் துணையை இழந்திருக்கலாம்; வீட்டில் எவரும் பேசாதிருக்கலாம்; அல்லது எந்தக் கருவியும் இன்னும் காட்டாத நோயின் தொடக்கமாக இருக்கலாம். மானிடோபாவின் பாடம் இங்குதான் பயன்படுகிறது. அத்தகையவரை மருத்துவரிடம் அனுப்புவதோடு, அடுத்த மாதமே மீண்டும் சென்று காணவும் வேண்டும்.

ஆசிரியரின் பங்கு

இதில் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதுமையைப் பற்றிய எண்ணம் முதுமையில் தோன்றுவதன்று, இளமையிலேயே வேரூன்றிவிடுகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து நீள்கால ஆய்வில் பங்குகொண்டவர்களைப் பற்றிய முடிவு ஒன்று 2009-இல் வெளிவந்தது. முதியோரைப் பற்றி இழிவான எண்ணம் கொண்டிருந்த, 50 வயதுக்குட்பட்டோர், அவ்வெண்ணம் இல்லாதவரைவிட, பின்னாளில் இதய, இரத்தக்குழாய் நோய்களுக்கு மிகுதியாக ஆளாயினர் என்று அது கூறியது. கிழவர் என்று ஒருவரை எள்ளி நகைக்கும் சிறுவன் தன் எதிர்காலத்தையும் சேர்த்தே நகைக்கிறான்.

ஆசிரியர் ஒரு சிறு பயிற்சியைத் தரலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ, அல்லது அண்டை வீட்டு முதியவரிடமோ, உடல்நிலையைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதிவரச் செய்யலாம். மறுநாள் வகுப்பில், பெயர்களைக் குறிப்பிடாமல், அச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றுள் எது நலத்தைக் குறிக்கிறது, எது நலிவை மறைக்கிறது என்று ஆராயலாம். மொழிப்பாடம், சுகாதாரப் பாடம், கணக்குப் பாடம் மூன்றும் அதில் அடங்கும். அதைவிட முக்கியமாக, பல வீடுகளில் எவரும் கேளாதிருந்த கேள்வியை ஒரு பேரக்குழந்தை அன்று கேட்டிருக்கும்.

முடிவுரை

முதியோரின் வாய்மொழி தீர்ப்பன்று, சாட்சியம். சாட்சியத்தைக் கேளாமல் வழங்கும் தீர்ப்பு செல்லாது. ஒரே சாட்சியத்தை மட்டும் கேட்டு வழங்கும் தீர்ப்பும் நிலைக்காது. கருவியின் எண்ணையும் மனிதரின் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து, இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் உறுதியும், முரண்படும் இடத்தில் கவனமும் கொள்வதே நெறி. 32 கோடி முதியோரைத் தாங்கப் போகும் நாடு மருத்துவமனைகளையும் மருத்துவரையும் பெருக்கத்தான் வேண்டும். அவை பெருகும் வரையிலும், பெருகிய பின்னரும், வாசற்படியில் நின்று கேட்கும் ஊழியர் பதில் வரும்வரை காத்திருப்பாரா என்பதைப் பொறுத்தே பல முதியோரின் மீதிநாட்கள் அமையும்.